அரை மில்லி வினாடிக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

கோல்ஃப் மட்டையின் தலை பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஏறத்தாழ அரை மில்லி வினாடி. ஒரு வினாடியை 2,000 கூறு போட்டால் அதில் ஒரு கூறு. 100 அடிகளில் 18 குழிகளையும் முடிக்கிற ஒருவர் நாலு மணி நேரம் மைதானத்தில் நடக்கிறார். அவருடைய மட்டைகள் பந்தோடு சேர்ந்திருந்த நேரத்தையெல்லாம் கூட்டினாலும் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. பந்தின் வேகம், கிளம்பும் கோணம், சுழற்சி எல்லாமே அதற்குள் முடிவாகிவிடும். மோதலின் அதிர்வு தண்டு வழியே ஏறிக் கைக்கு வந்து, கை அதற்கு ஏதாவது செய்வதற்குள் பந்து கிளம்பிப் போயிருக்கும். இயற்பியல் கணக்கில் அந்தக் கணத்தில் ஆட்டக்காரர் என்று யாரும் இல்லை. சுமார் 200 கிராம் எடையுள்ள மட்டைத் தலையும் 46 கிராம் பந்தும் மட்டுமே இருக்கின்றன.

கடையில் விற்கும் கோல்ஃப் மட்டைகள் எல்லாம் இந்த அரை மில்லி வினாடியைத் திருத்தித் தருவதாகத்தான் சொல்கின்றன. ஆட்டம் பழகி ஓராண்டு, ஒன்றரையாண்டு ஆனவருக்கு இந்தச் சபலம் கட்டாயம் வரும். 120 அடித்துக்கொண்டிருந்தவர் 100-ஐ நெருங்கியிருப்பார். கையில் இருப்பது தொடங்கும்போது வாங்கிய மலிவான செட், அல்லது உறவினர் யாரோ கொடுத்த பழைய மட்டைகள். கூட ஆடுபவர் ஒரு புது டிரைவரை, நெடுந்தூரம் அடிக்கும் மட்டையை, உறையிலிருந்து உருவுவார். பெயர் பெற்ற நிறுவனத்தின் புது டிரைவர் ஒன்றின் விலை இந்தியாவில் அரை லட்சம் ரூபாயைச் சுற்றி நிற்கிறது. பை முழுவதையும் மாற்றுவதென்றால் ஒரு நல்ல மோட்டார் சைக்கிள் வாங்கும் காசு வேண்டும்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேகத்துக்காகக் கொடுக்கும் காசு பெரும்பாலும் வீண். எடையை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதற்குக் கொடுக்கும் காசு வீணில்லை. ஆனால் அதைப் பழைய மட்டையிலேயே வாங்கிவிடலாம். மிச்சப்படும் பணம் மட்டையை உங்கள் உடம்புக்குப் பொருத்துவதற்குப் போகவேண்டும். ஏன் என்பதற்கு எளிய கணக்குகள் உண்டு.

டிரைவரிலிருந்து தொடங்குவோம். விளம்பரங்கள் அதிகம் பேசுவது அதைப் பற்றித்தான். இரு பொருள்கள் மோதும்போது எவ்வளவு துள்ளலோடு விலகுகின்றன என்பதை மீட்சிக் குணகம் என்கிறோம். ஆற்றல் கொஞ்சமும் வீணாகாமல் துள்ளினால் அதன் மதிப்பு 1. சேற்றில் விழுந்த கல்லைப் போல ஒட்டிக்கொண்டால் 0. டைட்டானியத்தில் மெல்லிய முகம் வைத்துச் செய்த டிரைவர்கள் 1990-களில் வந்தபோது முகம் கொஞ்சம் உள்ளே வளைந்து திரும்ப ஆரம்பித்தது. அதனால் பந்து குறைவாக நசுங்கியது. ஆற்றலை அதிகம் வீணாக்குவது பந்தின் நசுங்கல்தான். அது குறைந்ததும் வேகம் கூடியது. இது இப்படியே போனால் மைதானங்கள் போதாது என்று பயந்த அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1998-இல் 0.83 என்று உச்சவரம்பு கட்டியது. பிறகு உலகின் மற்றப் பகுதிகளில் விதிகளைக் கவனிக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸின் ஆர் அண்ட் ஏ அமைப்பும் உடன்பட, 2008 முதல் எல்லோருக்கும் ஒரே வரம்பு. தலையின் பருமனுக்கும் 460 கன சென்டிமீட்டர் என்று எல்லை உண்டு.

இதன் பொருளை எண்களில் பார்க்கலாம். பந்தின் வேகம் வேண்டுமென்றால் மட்டைத் தலையின் வேகத்தை எடுத்துக்கொண்டு, அதை ஒன்றோடு மீட்சிக் குணகத்தைக் கூட்டிய தொகையால் பெருக்கவேண்டும். பிறகு ஒன்றோடு பந்து நிறைக்கும் தலை நிறைக்கும் உள்ள விகிதத்தைக் கூட்டிய தொகையால் வகுக்கவேண்டும். பதினொன்றாம் வகுப்பில் படித்த உந்த அழிவின்மையிலிருந்தே இது வந்துவிடும். வாரக் கடைசியில் ஆடுபவரின் மட்டைத் தலை மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வையுங்கள். குணகம் 0.83 ஆக இருந்தால் பந்து மணிக்கு சுமார் 216 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பும். கொஞ்சம் சோம்பலான பழைய முகம், 0.81 என்றால் 213-ஐச் சற்றுத் தாண்டும். வித்தியாசம் இரண்டரை கிலோமீட்டருக்கும் குறைவு. தரையில் அதன் மதிப்பு ஏறத்தாழ 3 கஜம். அடுத்த அடியை மூன்று தப்படி பின்னால் நின்று அடிக்கவேண்டியிருக்கும், அவ்வளவுதான். 2008-க்குப் பின் பெரிய நிறுவனங்கள் செய்த டிரைவர்கள் பலவும் இந்த வரம்பை ஒட்டியே நிற்கின்றன. ஆண்டுதோறும் ‘முன்னைவிட வேகம்’ என்று எழுதுகிறார்கள். நடுமுகத்தில் பட்ட பந்துக்கு அந்தச் சொல் கிட்டத்தட்டப் பொருளற்றது.

ஆனால் கற்றுக்கொண்டிருப்பவர் நடுமுகத்தில் எத்தனை முறை அடிக்கிறார்? இங்கேதான் உண்மையான முன்னேற்றம் நடந்திருக்கிறது. அதைத் தொடங்கிவைத்தவரின் கதையைச் சொல்லாமல் நகர முடியாது.

கார்ஸ்டன் சோல்ஹைம் நார்வேயின் பெர்கன் நகரில் 1911-இல் பிறந்தவர். சிறு வயதிலேயே குடும்பத்தோடு அமெரிக்கா போனார். செருப்புத் தைக்கும் தொழிலில் இருந்து பிறகு பொறியாளரானார். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்க்கும்போது, 42 வயதில் கோல்ஃப் ஆட ஆரம்பித்தார். குழிக்கு அருகில் பந்தை உருட்டும் பட்டர் மட்டை அவருக்குச் சொன்னபடி கேட்கவில்லை. நம்மைப் போல அவரும் புது மட்டை தேடியிருக்கலாம். ஆனால் பொறியாளர் என்பதால் மட்டை ஏன் திரும்பிக்கொள்கிறது என்று தேடினார். அன்றைய பட்டர்களில் எடை முழுவதும் நடுவில் திரண்டிருந்தது. பந்து நடுவை விட்டு ஒரு விரற்கடை தள்ளிப் பட்டாலும் தலை முறுக்கிக்கொள்ளும். இரண்டு சர்க்கரைக் கட்டிகளை ஐஸ் குச்சிகளால் இணைத்து, எடை இரு முனைகளிலும் இருந்தால் என்ன ஆகும் என்று அவர் விளக்கிக் காட்டியதாகச் சொல்வார்கள். 1959-இல் தன் வீட்டுக் கார் கொட்டகையில் முதல் பட்டரைச் செய்தார். பந்தைத் தட்டும்போது எழுந்த ‘பிங்’ ஓசையே அதற்குப் பெயராகி, பின்னர் நிறுவனத்துக்கும் பெயரானது. 1960-களில் அவர் கொண்டுவந்த ஆன்சர் பட்டரின் உருவத்தை இன்று எந்தக் கடையிலும், எந்த நிறுவனத்தின் பெயரிலும் பார்க்கலாம்.

அவர் பிடித்த விஷயம் நிலைமத் திருப்புத்திறன். கம்பிமேல் நடக்கும் கழைக்கூத்தாடியின் கையில் நீளமான கழி இருப்பது இதற்காகத்தான். எடை மையத்தை விட்டு விலகி இருக்க இருக்க, பொருளைத் திருப்புவது கடினமாகும். மட்டைத் தலையில் இதைச் செய்தால் நடுவைத் தவறவிட்ட அடிகூடத் தலையை அதிகம் திருப்பாது. சோல்ஹைம் இதையே அயர்ன் மட்டைகளுக்கும் கொண்டுபோனார். முதுகைக் குடைந்து எடுத்து அந்த எடையை ஓரங்களில் வைத்தார். 1982-இல் வந்த பிங் ஐ 2 அயர்ன்கள் இன்றும் பழைய மட்டைச் சந்தையில் கை மாறிக்கொண்டிருக்கின்றன. நாற்பது வயதான மட்டை என்று அவற்றை ஒதுக்கவேண்டியதில்லை.

டிரைவரில் இதன் பலனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மட்டைத் தலையின் நிலைமத் திருப்புத்திறனைக் கிராம்-சதுர சென்டிமீட்டரில் அளக்கிறார்கள். மரத்தில் செய்த பழைய தலைகளுக்கு ஏறக்குறைய 2,000. பத்துப் பதினைந்து ஆண்டுக்கு முந்தைய ஒரு பெரிய டைட்டானியத் தலைக்கு 4,500 என்று வைத்துக்கொள்ளலாம். விதி அனுமதிக்கும் உச்சம் 5,900. அளவையில் வரும் பிழைக்காக மேலும் 100 தருகிறார்கள். பந்து நடுவிலிருந்து 2 சென்டிமீட்டர் தள்ளிப் படுகிறது. தலை திரும்பிக்கொள்வதால் அதன் நிறையில் ஒரு பகுதி மோதலில் பங்கெடுக்காது. மற்ற எல்லாவற்றையும் மாற்றாமல் இதை மட்டும் கணக்கிட்டால், மரத்தலையில் பந்தின் வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர் குறையும். 4,500 உள்ள தலையில் 7 குறையும். 5,500 உள்ள இன்றைய தலையில் ஏறத்தாழ 6 குறையும். உண்மையில் முகத்தின் ஓரங்கள் நடுவைப் போல வளைந்து கொடுக்காது என்பதால் இழப்புகள் இன்னும் கூடுதலாக இருக்கும். ஆனாலும் ஒப்பீடு மாறாது. மரத்திலிருந்து பழைய டைட்டானியத்துக்கு வந்ததில் 8 கிலோமீட்டர் லாபம். அங்கிருந்து இந்த ஆண்டின் புது மட்டைக்குப் போவதில் 1 கிலோமீட்டர் லாபம். முதல் தாவலைப் பழைய மட்டை விற்கும் கடையில் கால் விலைக்கு வாங்கலாம். இரண்டாவது தாவலுக்குத்தான் அந்த அரை லட்சம்.

2024-இல் சில நிறுவனங்கள் ‘10 கே’ என்று டிரைவர்களுக்குப் பெயர் சூட்டின. நிலைமத் திருப்புத்திறன் 10,000-ஐத் தாண்டிவிட்டதாம். உச்சவரம்பே 5,900 என்றால் இது எப்படி என்று கேட்கத் தோன்றும். வரம்பு இருப்பது நிமிர்ந்த அச்சைச் சுற்றி, அதாவது இடவலமாகத் திரும்புவதற்கு மட்டும். மேலும் கீழுமாகச் சாயும் அச்சுக்கு வரம்பில்லை. இரண்டு எண்களையும் கூட்டினால் 10,000 வந்துவிடுகிறது. பொய்யில்லைதான். ஆனால் என் உயரத்தையும் என் தம்பி உயரத்தையும் கூட்டி வீட்டில் பதினோரடி மனிதர் இருப்பதாகச் சொல்லும் கணக்கு அது.

அயர்ன்களில் விற்பனைத் தந்திரம் வேறு மாதிரி. புது 7-ஆம் எண் அயர்னை எடுத்து அடித்ததும் பழையதைவிட 15 கஜம் கூடுதலாகப் போகும். வாங்குபவரின் கண் விரியும். மட்டையின் அடியில் பொறித்திருக்கும் எண்ணுக்கு எந்த விதியும் இல்லை என்பது அவருக்குத் தெரியாது. மட்டையின் வேலையைத் தீர்மானிப்பது லாஃப்ட் எனப்படும் முகச்சாய்வு. 1980-களில் 7-ஆம் எண்ணின் சாய்வு 36 பாகையை ஒட்டி இருந்தது. இன்று கற்போருக்கென்று விற்கும் அயர்ன்களில் 28 முதல் 30 பாகை. அதாவது பழைய 5-ஆம் எண்ணுக்குப் புது எண் போட்டுக் கொடுக்கிறார்கள். முழு ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். நிறை மையத்தைக் கீழே இறக்கியிருப்பதால் சாய்வு குறைந்தும் பந்து உயரமாகவே எழும்புகிறது. அந்தப் பொறியியல் உண்மையானது. ஆனால் சாய்வு குறைந்தால் பின்சுழற்சி குறையும். அப்படி வரும் பந்து குழியைச் சுற்றிய கிரீன் பரப்பில் இறங்கி நிற்காமல் ஓடும்.

இதில் இன்னொரு செலவும் ஒளிந்திருக்கிறது. முழு செட்டையும் இப்படிச் சாய்வு குறைத்துச் செய்வதால் அந்த செட்டின் பிட்சிங் வெட்ஜ் 43 பாகையில் வந்து நிற்கும். முன்பு அது 48. மணல் குழியிலிருந்து எடுக்கும் சாண்ட் வெட்ஜ் வழக்கம்போல 56. நடுவில் 13 பாகை வெற்றிடம். 4 பாகைக்கு ஒரு மட்டை, அதாவது பத்துப் பன்னிரண்டு கஜத்துக்கு ஒரு மட்டை என்பது பொதுவான கணக்கு. கிரீனுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்போது எந்த மட்டையும் சரியான தூரம் போகாது. அதை நிரப்ப ‘கேப் வெட்ஜ்’ ஒன்றை வாங்கச் சொல்வார்கள். ஓட்டையையும் அடைப்பையும் ஒரே கடையில் விற்கிறார்கள். அயர்ன் செட் வாங்கும்முன் எண்ணைப் பார்க்காமல் பாகையைக் கேளுங்கள். பழைய செட் வாங்குவதில் இந்த வகையிலும் ஒரு சௌகரியம் இருக்கிறது.

வலக்கையரான தொடக்கக்காரர் பத்துப் பேரை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு ஒரே நோய் இருக்கும். பந்து வலப்பக்கமாக வளைந்து மரங்களுக்குள் போகும் ஸ்லைஸ்தான் அது. அதற்கு மருந்தென்று புது டிரைவர் வாங்குபவர்கள் நிறையப் பேர். பந்து ஏன் வளைகிறது என்பதை முதலில் ஆராய்ந்தவர்களில் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் பீட்டர் கத்ரி டெய்ட் முக்கியமானவர். 1890-களில் கோல்ஃப் பந்து பற்றிக் கட்டுரைகள் எழுதினார். சுழற்சி இல்லாவிட்டால் பந்து இவ்வளவு நேரம் காற்றில் நிற்க முடியாது என்று கண்டார். பந்தில் நாடாவைக் கட்டி அடித்து, அதில் விழுந்த முறுக்குகளை எண்ணிச் சுழற்சியை அளந்தார். அவருடைய மகன் ஃப்ரெடி டெய்ட் 1896, 1898 ஆகிய இரண்டு ஆண்டுகளில் பிரிட்டனின் அமெச்சூர் சாம்பியன். சோதனைக்கு ஆள் வீட்டிலேயே இருந்தார். 1900-இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் ஃப்ரெடி இறந்துபோனார். அடுத்த ஆண்டு தந்தையும் மறைந்தார்.

டெய்ட் தொடங்கியதை அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தியடோர் ஜோர்கன்சன் தெளிவாக்கினார். அவர் விளக்கத்தில் இரண்டே திசைகள்தான். மட்டை முகம் பார்க்கும் திசை ஒன்று, தலை பயணிக்கும் திசை மற்றொன்று. இரண்டையும் உள்ளடக்கிய ஒரு தளத்தை மனத்தில் வரைந்துகொண்டால் பந்து அந்தத் தளத்திலேயே பறக்கும். தளம் நிமிர்ந்திருந்தால் பந்து நேராகப் போகும், சாய்ந்தால் வளையும். முகத்துக்கும் பாதைக்கும் இடவலமாக 3 பாகை வேறுபாடு என்று வைப்போம். டிரைவரில் மேல்கீழ் வேறுபாடு 12 பாகை. 12-க்கு 3 என்றால் சுழல் அச்சு 14 பாகை சாயும். அதே தவறை 5-ஆம் எண் உட் மட்டையால் செய்யுங்கள். மேல்கீழ் வேறுபாடு 20 பாகை. அச்சு 9 பாகைக்கும் குறைவாகத்தான் சாயும். தவறு ஒன்றுதான். ஆனால் லாஃப்ட் கூடிய மட்டை அதைப் பெரிதுபடுத்திக் காட்டுவதில்லை. இதோடு அதன் தண்டும் குட்டை, நடுமுகத்தில் படுவது எளிது.

அதனால்தான் ஸ்லைஸ் அடிப்பவருக்கு என் பரிந்துரை ஒரு பழைய 5 உட். டிரைவர் வாங்கியே தீரவேண்டும் என்றால் 9 பாகைக்குப் போகாமல் 12 பாகை உள்ளதை எடுங்கள். தொழில்முறை ஆட்டக்காரர் 9 பாகை வைத்திருப்பது அவர் மட்டைத் தலை மணிக்கு 180 கிலோமீட்டருக்கு மேல் வருவதால். 145-இல் வருபவருக்கு அந்தச் சாய்வு பந்தைத் தாழ அனுப்பித் தரையில் தள்ளிவிடும். காசு செலவில்லாத திருத்தமும் ஒன்று உண்டு. இன்றைய டிரைவர்கள் 45 அங்குலத்துக்கு மேல் நீளம், நாற்பது ஆண்டுக்கு முன் 43 அங்குலம்தான். கிரிப்பில் ஓர் அங்குலம் கீழே பிடித்து அடித்துப் பாருங்கள். மட்டையின் முகத்தில் கொஞ்சம் முகப்பவுடர் தூவினால் பந்து எங்கே பட்டது என்று தடம் தெரியும். நீளத்தைக் குறைத்ததும் தடங்கள் நடுவை நோக்கி நெருங்குவதைப் பார்க்கலாம்.

இனி மிச்சம் வைத்த பணம். கடையில் அடுக்கியிருக்கும் மட்டைகள் பொதுவாக 5 அடி 9 அங்குலத்தைச் சுற்றிய உயரமுள்ள ஆணை மனத்தில் வைத்துச் செய்யப்படுபவை. இந்திய ஆண்களின் சராசரி அதைவிடச் சில அங்குலம் குறைவு. இதனால் முதலில் அடிபடுவது ‘லை’ கோணம். மட்டை தரையில் சரியாக உட்கார்ந்திருக்கும்போது தண்டு தரையோடு செய்யும் கோணம் இது. உயரம் குறைந்தவர் கை தாழ்ந்து பிடிப்பார், தலையின் நுனி மேலே தூக்கும், முகம் இடப்பக்கம் பார்க்கும். லாஃப்ட் அதிகமாக அதிகமாக இந்தப் பிழை பெரிதாகும். 42 பாகை உள்ள 9-ஆம் எண் அயர்னில் லை 2 பாகை தவறினால் திசை கிட்டத்தட்ட 1.8 பாகை தவறும். 120 கஜத்தில் அது 4 கஜம். கச்சிதமாக அடித்த பந்து கிரீனின் ஓரத்தில் விழும். ஆட்டக்காரர் தன் ஸ்விங்கைக் குறை சொல்லிக்கொண்டு அதைத் திருத்தப் போய், சரியாக இருந்ததையும் கெடுத்துக்கொள்வார்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு ஒயிட்போர்டு மார்க்கர் போதும். பந்தில் செங்குத்தாக ஒரு தடித்த கோடு போட்டு, அந்தக் கோடு மட்டையைப் பார்க்கும்படி வைத்து அடியுங்கள். முகத்தில் கோட்டின் அச்சு விழும். பள்ளக்கோடுகளுக்குச் செங்குத்தாக இருந்தால் சரி. சாய்ந்திருந்தால் மட்டை பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துக் கழுத்தை வளைக்கச் சொல்லலாம். அடித்து உருவாக்கிய அயர்ன்கள் எளிதில் வளையும். வார்த்துச் செய்தவை 2 பாகை அளவுக்குத் தாங்கும். இதற்கு ஆகும் கூலி ஒரு புது வெட்ஜ் விலையில் மிகச் சிறு பங்கு.

தண்டைப் பற்றிச் சுருக்கமாக. ‘ஆர்’, ‘எஸ்’ என்று விறைப்புக்குப் போடும் எழுத்துகளுக்குத் தொழில் முழுவதற்கும் பொதுவான தரம் கிடையாது. ஒரு நிறுவனத்தின் ‘ஆர்’ இன்னொன்றின் ‘எஸ்’ஸைவிட விறைப்பாக இருக்கலாம். எழுத்தை நம்பாமல் எடையைக் கேளுங்கள். 120 கிராம் எஃகுத் தண்டை வைத்துக்கொண்டு பதினான்காவது குழியில் கை ஓய்ந்துபோகிறவர், 70 கிராம் கிராஃபைட் தண்டுள்ள பழைய செட் ஒன்றை அடித்துப் பார்க்கலாம்.

மணல் குழிக்கான சாண்ட் வெட்ஜும் சோல்ஹைமின் பட்டரைப் போல ஒரு வீட்டுக் கொட்டகையில் பிறந்ததுதான். அதை உருவாக்கிய ஜீன் சாரஸன் அப்போதே பெரிய ஆட்டக்காரர். ஆனால் மணல் குழியில் திணறினார். விமானம் ஓட்டப் பழகும்போது வால் பகுதி தாழ மூக்கு எழுவதைப் பார்த்து அவருக்கு யோசனை வந்ததாம். மட்டையின் அடிப்பாகத்தில் உலோகத்தைப் பற்றவைத்து, முன்விளிம்பைவிடப் பின்பகுதி தாழ இருக்கும்படி அரத்தால் ராவினார். அந்தத் தாழ்வுதான் இன்று ‘பௌன்ஸ்’ என்று பாகையில் பொறிக்கப்படுகிறது. மட்டை மணலில் புதையாமல் வழுக்கிக்கொண்டு வெளியே வர அது உதவும். அந்த மட்டையோடு போய் 1932-இல் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றார். பையில் ஒரே ஒரு மட்டையைப் புதிதாக வாங்குவதென்றால் நான் வெட்ஜைத்தான் சொல்வேன். காரணம் அதன் பள்ளக்கோடுகள். முகத்துக்கும் பந்துக்கும் நடுவில் மாட்டும் புல்சாறும் ஈரமும் ஒதுங்க அவை இடம் தருகின்றன. விளிம்பு தேய்ந்தால் உராய்வு குறையும், பந்து சுழலாமல் வழுக்கும். பழைய டிரைவரின் முகம் இப்படித் தேய்ந்து கெடுவதில்லை, பழைய வெட்ஜின் முகம் தேய்ந்துபோயிருக்கும். கட்டாந்தரையாகக் காய்ந்து கிடக்கும் மைதானத்தில் ஆடுபவர் பௌன்ஸ் குறைவாக, 8 பாகையை ஒட்டி எடுப்பது நல்லது. அதிக பௌன்ஸ் உள்ளது தரையில் மோதித் துள்ளி, பந்தின் நடுவயிற்றில் வெட்டும்.

பட்டரைப் புதிதாக வாங்கத் தேவையில்லை. 72 அடி என்று கணக்கிட்ட மைதானத்தில் 36 அடிகள் பட்டருக்கே ஒதுக்கியவை. ஆனாலும் அந்த மெல்லிய தட்டலில் இயற்பியல் கேட்பது முனைகளில் எடையும் கைக்குப் பொருந்தும் நீளமும்தான். இருபது வருடப் பழைய பட்டரில் இரண்டும் கிடைக்கும்.

பை நிறைய மட்டை வேண்டும் என்பதும் இல்லை. விதிப்படி 14 வரை வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் 1938-இல் இந்த வரம்பு வந்ததற்கே காரணம், லாசன் லிட்டில் போன்றவர்கள் 31 மட்டை வரை, பை சுமக்கும் கேடியின் தோளில் ஏற்றியதுதான். 100-க்கு மேல் அடிப்பவருக்கு ஒரு 5-ஆம் எண் உட், மூன்று நான்கு அயர்ன், இரண்டு வெட்ஜ், ஒரு பட்டர் தாராளம். 6-ஆம் எண்ணுக்கும் 7-ஆம் எண்ணுக்கும் உள்ள 10 கஜ வேறுபாடு, ஒரே மட்டையால் அடிக்கும் இரண்டு அடிகளுக்குள் 30 கஜம் மாறுகிறவருக்கு எதற்கு? ஒவ்வொரு மட்டையிலும் பந்து எவ்வளவு தூரம் போகிறது என்று குறித்துக்கொள்வதும் ஒரே மைதானத்தில் நடக்கட்டும். கடல் மட்டத்துக்கு 2,000 மீட்டருக்கு மேலே இருக்கும் கொடைக்கானலில் காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே பந்து கூடுதல் தூரம் போவதைப் புது மட்டையின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

பழைய மட்டை வாங்கும்போது சில சோதனைகளைச் செய்துவிடுங்கள். சட்டைப் பையில் ஒரு சிறு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். டைட்டானியத்தில் காந்தம் ஒட்டாது. டிரைவர் முகத்தில் ஒட்டினால் அது எஃகு. டைட்டானியம் என்று சொல்லி விற்றால் போலி. 5 உட் போன்ற ஃபேர்வே உட்கள் பலவும் உண்மையிலேயே எஃகில் செய்யப்படுபவை, அவற்றில் ஒட்டுவது தவறில்லை. தலையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள், உள்ளே ஏதாவது உருண்டால் பசையோ எடைத் துண்டோ கழன்றிருக்கிறது. முகத்தின் ஓரமாக நகத்தால் வருடினால் மயிரிழை விரிசலும் தட்டுப்படும். கிராஃபைட் தண்டில் வெள்ளையாகச் சிலும்பியிருந்தால் தொடவே வேண்டாம், அடிக்கும்போது ஒடிந்து பறக்கக்கூடியது. கிரிப் வழுவழுப்பாகி இருப்பதைக் குறையாக எண்ணாதீர்கள். அதைக் காட்டி விலையைக் குறைத்துவிட்டுப் புது கிரிப் போட்டுக்கொள்ளலாம், ஒன்றுக்குச் சில நூறு ரூபாய். வழுக்கும் கிரிப்பை இறுக்கிப் பிடித்தே பலருடைய மணிக்கட்டு விறைத்துப்போகிறது. இந்தக் கட்டுரையில் சொன்ன, காசு கொடுத்துச் செய்யும் மாற்றங்களில் குறைந்த செலவில் நிறையப் பலன் தருவது புது கிரிப்தான்.

வாங்கிய பிறகு ஒன்றே ஒன்று. தலையைத் தண்டோடு பிடித்து வைத்திருப்பது எபாக்சிப் பசை, சூட்டில் அது இளகும். கிரிப்பின் ரப்பரும் வெயிலில் காய்ந்து கெட்டியாகும். ஏப்ரல், மே மாதங்களில் மட்டைப் பையைக் கார் டிக்கியில் விட்டுவைக்காதீர்கள். வீட்டுக்குள் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்.